சுவரில் நடந்த குழந்தைகள்

குழந்தைகள் தரையில் நடக்கிறார்கள். அப்படியே சுவரில் கால் வைத்து ஏறுகிறார்கள். கூரையில் தலைகீழாக நடந்துவிட்டு, மறுபக்கச் சுவர் வழியே இறங்கிப் பழையபடி தரைக்கு வந்துவிடுகிறார்கள். 1984 ஆகஸ்ட் 24 அன்று வெளியான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தில் வரும் ‘ஆலிப்பழம்’ பாட்டு அது. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். இயக்கியவர் ஜிஜோ புன்னூஸ். தயாரித்தவர் அவருடைய தந்தை நவோதயா அப்பச்சன். எழுதியவர் ரகுநாத் பலேரி. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை என்று தமிழர்களுக்கும் அந்தப் படத்தில் சொந்தம் கொண்டாட நிறையவே இருக்கிறது.

பாட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய இரும்புக் கூடு. அதற்குள் அறையைக் கட்டினார்கள். காமிராவை அறையோடு சேர்த்துப் பிணைத்தார்கள். பிறகு அறையை மெல்ல உருட்டினார்கள். எந்தப் பக்கம் கீழே வருகிறதோ அந்தப் பக்கத்தின்மேல் குழந்தைகள் நடந்துகொண்டே இருந்தார்கள். காமிராவும் அறையோடு சுற்றியதால் படத்தில் அறை அசையவே இல்லை, குழந்தைகள்தான் சுவரேறினார்கள். 1951இல் ‘ராயல் வெட்டிங்’ படத்தில் ஃபிரெட் அஸ்டேர் கூரையில் ஆடியதும் இதே உத்தியில்தான். கேரளத்தில் இதை வடிவமைத்தவர் கலை இயக்குநர் கே. சேகர். 2023 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் அவர் காலமானபோது வந்த இரங்கல் குறிப்புகளிலும் இந்த உருளும் அறை இடம்பெற்றது.

மெய்நிகர் உலக (வி.ஆர்.) விளையாட்டு செய்கிறவர்கள், திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கில் இருந்தாலும் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆளை முழுக்க முழுக்க இன்னோர் உலகத்துக்குள் இறக்குவது எப்படி? இறக்கியபின் அவர் வயிறு புரளாமல் பார்த்துக்கொள்வது எப்படி? இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்றுதான் பொதுவாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடல் நம்ப மறுக்கும் உலகத்தில் மனம் தங்காது. இந்தத் துறையில் நிலைத்து நின்ற கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், உடலின் சம்மதத்தை முதலில் வாங்கியவர்கள்தான் மனத்தையும் உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்த அறிவு பிறந்த கதையைச் சொல்ல, உருளும் அறையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சேகரின் அறைக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1894இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மிட்விண்டர் கண்காட்சியில் ‘பேய் ஊஞ்சல்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். பெரிய அறை. குறுக்கே ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் அகலமான ஊஞ்சல். சுற்றிலும் மேசை, விளக்கு, நாற்காலிகள். காசு கொடுத்தவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் கதவைச் சாத்துவார்கள். ஊஞ்சல் ஆடத் தொடங்கும். வீச்சு கூடிக்கொண்டே போகும். கடைசியில் கம்பியைச் சுற்றி முழு வட்டமே அடிக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் விழுந்துவிடுவோம் என்று பயந்து கைப்பிடியை இறுக்கிக்கொள்வார்கள். உண்மையில் ஊஞ்சல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஆடியது, சுழன்றது எல்லாம் அறைதான். மேசையும் விளக்கும் ஆணியடித்து நிறுத்தப்பட்டவை.

இயற்பியலாளர் ராபர்ட் வுட் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 1895இல் ‘சைக்காலஜிகல் ரிவ்யூ’ இதழில் எழுதினார். தந்திரம் இன்னதென்று தமக்கு முன்பே தெரிந்திருந்தும் அந்த உணர்ச்சியை அடக்க முடியவில்லை என்பது அவர் தந்த முக்கியமான சாட்சியம். பலருக்குக் குமட்டியது; கிறுகிறுப்பில் கட்டடத்தைவிட்டு வெளியே நடந்து வருவதே சிலருக்குப் பெரும்பாடாகிவிட்டது. வி.ஆருக்காகத் தலையில் மாட்டும் ஹெட்செட் என்ற பொருள் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அதன் நோய் பதிவாகிவிட்டது.

இரண்டு அறைகளும் உருண்டன. ஒன்று குமட்ட வைத்தது, மற்றது குழந்தைகளைக் கைதட்ட வைத்தது. பேய் ஊஞ்சலில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு உலகமே சுழன்றது. ஆகவே தான் சுழல்வதாக அவர் மூளை முடிவு கட்டியது. குட்டிச்சாத்தான் படத்திலோ பார்வையாளரின் கண் காமிராவோடு சேர்ந்து அறைக்குள் ஊன்றி நின்றது. அவரைச் சுற்றியிருந்த உலகம் நிலையாக இருந்தது; அதற்குள் நடந்ததுதான் அதிசயம். அசைவதாகக் காட்டப்படுவது உலகமா, பார்ப்பவரா, உலகத்துக்குள் இருக்கும் பொருளா? வி.ஆர். வடிவமைப்பில் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதுதான். மற்ற பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காரணம் காதில் இருக்கிறது. உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை அளக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன; அவை புவியீர்ப்பையும் நேர்கோட்டு வேக மாற்றத்தையும் அளக்கின்றன. இந்தக் கருவி வேகத்தை அறியாது, வேகம் மாறுவதை மட்டுமே அறியும். ஒரே சீராக ஓடும் ரயிலில் கண்ணை மூடினால் ஓடுகிறோம் என்றே தெரியாமல் போவது இதனால்தான். கண் ஒன்று சொல்லி, காது வேறொன்று சொல்லும்போது மூளை தடுமாறுகிறது. ஜேம்ஸ் ரீசனும் ஜோசப் பிராண்டும் 1975இல் வெளியிட்ட நூலில் இந்தப் புலன் முரணைத்தான் பயணக் குமட்டலுக்குக் காரணமாக விரித்துச் சொன்னார்கள். சரி, முரண்பட்டால் ஏன் வாந்தி வரவேண்டும்? 1977இல் மிஷெல் டிரைஸ்மன் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்: புலன்கள் ஒத்துப்போகாமல் குழம்புவது, இயற்கையில் பெரும்பாலும் நஞ்சு தின்றதன் அறிகுறி, ஆகவே உடல் வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது. இது நிறுவப்பட்ட முடிவு அல்ல, கருதுகோள்தான். ஆனால் விளையாட்டு வடிவமைப்பாளர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அவர் செய்த உலகத்தை விளையாடுபவரின் உடல் நஞ்சு என்று எண்ணிக்கொள்கிறது!

காதுதான் காரணம் என்பதற்கு மனிதர்களே சாட்சியாக நின்றார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் பத்துப் பேருக்குச் சிறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உட்செவியைச் சிதைத்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில், புயல் வீசும் நேரத்தில் அவர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்க, கூடப் போன ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். சோதனையே பாதியில் நின்றது. விண்வெளிப் பயணத்துக்கு உடலை அணியமாக்கும் அறிவு இந்தப் பதினொருவரிடமிருந்து நிறையவே வந்தது. அவர்களைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகள் வெளியே வராமல் கிடந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

விண்வெளி என்று வந்தால் திருவனந்தபுரத்தை விட்டுவிட முடியாது. குட்டிச்சாத்தான் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே 1984 ஏப்ரலில்தான் ராகேஷ் சர்மா விண்ணுக்குப் போனார். அங்கே வரும் குமட்டலை யோகப் பயிற்சி தணிக்குமா என்பது அவர் செய்த சோதனைகளில் ஒன்று. 2024 பிப்ரவரி 27 அன்று தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ககன்யான் பயணத்துக்கான நான்கு வீரர்களின் பெயர்களும் அறிவிக்கப்பட்டன. பாலக்காட்டுக்காரரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அந்த நால்வரில் அடக்கம். எடையற்ற நிலையில் காதுக்குள் இருக்கும் துகள்களுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. முதல் சில நாள்கள் விண்வெளி வீரர் அனுபவிப்பதும், ஹெட்செட் அணிந்தவர் அனுபவிப்பதும் ஒரே முரண்தான். இரண்டும் எதிர்த்திசைகளிலிருந்து வருகின்றன. விண்வெளியில் காது சாட்சி சொல்ல மறுக்கிறது. ஹெட்செட்டில் கண் பொய்ச் சாட்சி சொல்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கை எல்லோரும் கண்டிருக்கிறோம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் பாதிப் பேர் முகம் வெளிறி உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து எந்தப் பக்கம் சாய்வோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் சாய்ப்பவர் அவர். கைபேசியில் கண்ணைப் புதைத்தவர்தான் முதலில் எலுமிச்சம்பழம் கேட்பார்.

மீண்டும் கேரளத் திரையரங்குக்கு வருவோம். உருளும் அறை அந்தப் படத்தின் ஒரு பாட்டு மட்டுமே. படம் முழுக்க வேறொரு சவால் இருந்தது: கண்.

முப்பரிமாணப் படம் 1952இல் ‘புவானா டெவில்’ என்ற படத்தோடு அமெரிக்காவில் பெரிய அலையாக எழுந்து, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அடங்கிவிட்டது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் தலைவலி. இடக்கண்ணுக்கு ஒரு ஃபிலிம் சுருள், வலக்கண்ணுக்கு ஒரு சுருள், இரண்டு புரொஜக்டர்கள். ஒரு சுருள் அறுந்து ஒட்டும்போது சில சட்டங்கள் (ஃபிரேம்கள்) போய்விட்டால், மற்ற சுருளிலும் அதே சட்டங்களை வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் இரண்டு கண்களும் இரண்டு வெவ்வேறு கணங்களைப் பார்க்கும். ஒரே ஒரு சட்டம் பிசகினால் போதும், கண் வலிக்கத் தொடங்கிவிடும். பார்த்தவர்கள் முப்பரிமாணத்தையே குறை சொல்லிவிட்டுப் போனார்கள். குறை இருந்ததோ புரொஜக்டர் அறையில்.

அப்பச்சனுக்குத் தொழில்நுட்ப மோகம் புதிதல்ல. 1978இல் மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘தச்சோளி அம்பு’, 1982இல் ஜிஜோவின் இயக்கத்தில் 70 எம்.எம். படமான ‘படயோட்டம்’ எல்லாம் அவர் தயாரிப்பு. அடுத்து முப்பரிமாணம் என்று ஜிஜோ கிளம்பியபோது, கலிஃபோர்னியாவின் பர்பாங்குக்குப் போய் கிரிஸ் காண்டனைப் பிடித்தார். காண்டனின் ‘ஸ்டீரியோவிஷன்’ முறையில் ஒரே ஃபிலிமில் ஒரே சட்டத்துக்குள் இரண்டு கண்களுக்கான படங்களும் மேலும் கீழுமாக அமைந்துவிடும். ஒரே புரொஜக்டர் போதும். ஃபிலிம் அறுந்தாலும் இரண்டு கண்களுக்கும் சேர்ந்தே அறுகிறது. நேரம் பிசக வழியே இல்லை. ஊர் ஊராகப் போய் ஓட வேண்டிய படத்துக்கு, ஒவ்வோர் ஊரிலும் திறமையான ஆபரேட்டர் கிடைப்பாரா என்ற கவலையை இந்த முறை பெருமளவு தீர்த்தது. இரண்டு கண்களுக்கான படங்களையும் பிரித்தனுப்பும் தளவிளைவு (போலரைஸ்டு) ஒளியை அதன் தன்மை கெடாமல் திருப்பியனுப்ப வெள்ளிப் பூச்சுள்ள திரை வேண்டும். அதற்காகத் திரையரங்குகள் திரையை மாற்றின.

இன்னொரு கட்டுப்பாடு படப்பிடிப்பிலேயே தேவைப்படுகிறது. நம் இரண்டு கண்களுக்கும் இடையில் சராசரியாக ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. திரையில் ஒரு பொருளின் இடப்படத்துக்கும் வலப்படத்துக்கும் உள்ள விலகல் அந்த அளவைத் தாண்டிவிட்டால், கண்கள் வெளிப்பக்கமாக விரிந்து பார்க்க வேண்டியிருக்கும். மனிதக் கண் வாழ்நாளில் செய்யாத வேலை அது. பொருளை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தாலும் தொல்லை: கண்கள் மூக்கருகே குவிகின்றன, விழிவில்லையோ தூரத்துத் திரையில் குவியம் வைத்திருக்கிறது. ஒரு நொடி நேரம் அப்படி நீட்டினால் வியப்பு. ஒரு நிமிடம் நீட்டினால் வலி. குட்டிச்சாத்தானில் நீட்டப்படும் ஐஸ்கிரீமைப் பிடிக்கக் குழந்தைகள் கையை நீட்டினார்கள் என்று அந்தத் தலைமுறை இன்றும் சொல்கிறது. அந்த ஐஸ்கிரீம் வந்த வேகத்தில் போய்விட்டதும் அதன் அழகில் சேர்ந்ததுதான்.

கடைசித் தடை யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. ஒரு காட்சிக்குப் பயன்பட்ட கண்ணாடியை அடுத்த காட்சிக்கு வேறொருவர் போட வேண்டும். கண்ணாடி வழியாக மெட்ராஸ் ஐ தொற்றும் என்று வதந்தி கிளம்பியது. படத்தின் தொடக்கத்திலேயே பெரிய நடிகர்கள் தோன்றி, கண்ணாடிகள் ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கப்பட்ட பிறகே தரப்படுகின்றன என்று விளக்கினார்கள். மலையாளத்தில் பிரேம் நசீர், தமிழில் ரஜினிகாந்த், தெலுங்கில் சிரஞ்சீவி. மாய உலகத்தின் கதவைத் திறப்பதற்கு முன்னால் மக்களின் கண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு என்று ரஜினியே வந்து உறுதி சொல்ல வேண்டியிருந்தது! இதை ஒரு விளம்பர உத்தியாக மட்டும் பார்ப்பது சரியில்லை என்பேன். பயத்தோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டவர் படத்துக்குள் போகவே மாட்டார்.

திரையரங்குக்கு ஓர் அனுகூலம் இருந்தது. படம் எவ்வளவுதான் பாய்ந்து வந்தாலும் நாற்காலி, முன்வரிசைத் தலைகள், வெளியேறும் வழியின் சிவப்பு விளக்கு எல்லாம் கண்ணோரத்தில் அசையாமல் நிற்கும். ஹெட்செட் அதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டது. பேய் ஊஞ்சலின் கதவை ஒவ்வொருவர் முகத்திலும் சாத்தியது போல ஆயிற்று.

1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. கோட்டுச் சித்திரங்களை மட்டுமே காட்டியது. 1995இல் நிண்டெண்டோவின் ‘வர்ச்சுவல் பாய்’ சிவப்பு நிறத்தில் மட்டும் படம் காட்டி, ஓராண்டுக்குள் கடையை விட்டுப் போனது. இடையிடையே விளையாட்டைத் தானே நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லும் ஏற்பாட்டை அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள்; செய்தவர்களுக்கே பயம் இருந்திருக்கிறது. இராணுவப் பயிற்சிக்கான விமானப் பாவனைக் கருவிகளிலும் இதே தொல்லை இருந்ததால், 1993இல் ராபர்ட் கென்னடியும் கூட்டாளிகளும் 16 அறிகுறிகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். குமட்டல், வியர்வை, கண் வலி, தலைப்பாரம் என்று போகும் அந்தத் தாளைத்தான் இன்றைய ஆய்வாளர்களும் நீட்டுகிறார்கள்.

பிறகு 2012 ஆகஸ்ட். பால்மர் லக்கி என்ற இளைஞர் ‘ஆக்குலஸ் ரிஃப்ட்’ என்ற கருவிக்காக இணையத்தில் பணம் திரட்டினார். இரண்டரை லட்சம் டாலர் கேட்டவருக்கு 24 லட்சம் டாலர் குவிந்தது. 2013இல் மென்பொருள் எழுதுகிறவர்களின் கைக்குக் கருவி வந்தது. அது தலையைத் திருப்புவதை அறியும். முன்னே சாய்வதை, எட்டிப் பார்ப்பதை அறியாது. முன்னே சாய்ந்தால் உலகமும் கூடவே நகர்ந்து வரும். படம் நொடிக்கு 60 முறை மாறியது. தலை திரும்பும்போது எல்லாம் மெழுகியதுபோல இழுபட்டது. கணினித்திரைக்காக எழுதப்பட்ட சுடும் விளையாட்டுகளை அப்படியே அதில் ஏற்றினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு, மணிக்குப் பல மைல் வேகத்தில் ஓடிக் குதித்துச் சட்டென்று திரும்பும் உலகம். பலர் சில நிமிடங்களில் கழற்றி வைத்தார்கள்.

இங்கே கருவிக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று, விளையாட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது வேறொன்று. கருவிப் பக்கம் சீக்கிரமே தெளிவாயிற்று. வால்வ் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் ஏப்ராஷ் அளவுகளை எடுத்து வைத்தார்: தலை அசைந்ததற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் ஆகக் கூடாது, ஒவ்வொரு படமும் மிகச் சிறிய நேரம் மட்டுமே ஒளிர்ந்து அணைய வேண்டும், அப்போதுதான் இழுபடாது. 2014 ஜனவரியில் ஆக்குலஸ் காட்டிய மாதிரிக் கருவியில் இந்தக் குறுகிய ஒளிர்வும், தலையின் இடப்பெயர்ச்சியை அறியும் வசதியும் சேர்ந்தன. 2016 மார்ச்சில் ரிஃப்டும் ஏப்ரலில் எச்.டி.சி. வைவும் கடைக்கு வந்தபோது நொடிக்கு 90 படங்கள் என்பது விதியாகிவிட்டது. ஒரு படத்தை வரைய 11 மில்லிநொடி. அதற்குள் வரைந்து முடிக்காத விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

விளையாட்டுப் பக்கம் வந்த விடைகளில்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வைவ் கருவி அணிந்தவர் தன் அறைக்குள் தன் காலால் நடக்கலாம். கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். அறைச்சுவர் வந்துவிட்டால்? ‘தி கேலரி’ என்ற விளையாட்டைச் செய்த கனடாவின் கிளவுட்ஹெட் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள்: போக வேண்டிய இடத்தைக் கையால் காட்டு, கண் சிமிட்டும் நேரம் இருட்டு, நீ அங்கே இருப்பாய். இடையில் நகர்வே கிடையாது; ஆகவே முரணும் கிடையாது. திரும்புவதற்கும் அப்படியே: வழுக்கிச் சுழலாமல் 30 அல்லது 45 பாகை சட்டென்று தாவித் திரும்புவது. முதலில் பார்க்கும்போது இது மாயத்தைக் கெடுத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கண்ணே ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடையில் உள்ளதைப் பார்ப்பதில்லை. இடைவெளியை இட்டு நிரப்புவது மூளைக்குக் கைவந்த கலை.

அதைவிட நுட்பமானது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அஜாய் ஃபெர்னாண்டசும் ஸ்டீவன் ஃபைனரும் 2016இல் காட்டியது. வீரர் நகரும்போது மட்டும் பார்வையின் விளிம்பை மெல்ல இருட்டாக்கி, நின்றதும் மெல்லத் திறப்பது. நகர்வை அதிகம் உணர்வது கண்ணோரம்தான். அங்கே ஓடும் காட்சியை மறைத்தால் முரணின் பெரும்பகுதி போய்விடும். தலைசுற்றல் குறைந்தது. அந்த உலகத்துக்குள் இருக்கிறோம் என்ற உணர்வு குறையவில்லை. பலர் பார்வை சுருங்கி விரிந்ததைக் கவனிக்கவே இல்லை. அதே ஆண்டு யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஈகிள் ஃபிளைட்’ விளையாட்டில் பாரிஸ் நகரத்தின்மேல் கழுகாகப் பறக்கலாம். அங்கும் இந்த இருட்டு விளிம்பு உண்டு, கூடவே கண்ணெதிரே நிலையாக ஓர் அலகு. 2015இல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் திரையின் நடுவே கீழே ஒரு மூக்கை வரைந்து வைத்துக் குமட்டலைக் குறைத்துக் காட்டினார்கள். விளையாடியவர்கள் மூக்கு இருந்ததையே அறியவில்லை. அலகும் மூக்கும் செய்வது, குட்டிச்சாத்தான் காமிராவுக்கு அறை செய்த அதே உபகாரம்: அசையாத ஒன்று கூடவே இருக்கிறது. 1998இல் ஜெரால்ட் புரொதெரோ வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதைக் கோட்பாடாகவே எழுதியிருந்தார். மூளை ஏதோ ஒன்றை அசையாதது என்று பிடித்துக்கொண்டு மற்றதை அளக்கிறது. அந்தப் பிடி கிடைக்காதபோதுதான் தடுமாறுகிறது.

2018இல் வந்த ‘பீட் சேபர்’ இதை இன்னும் எளிதாக்கியது. வீரர் நின்ற இடத்தில் நிற்கிறார். பாட்டின் தாளத்துக்குக் கட்டைகள் அவரை நோக்கி வருகின்றன, ஒளிவாளால் வெட்டுகிறார். மேடை அசையாது. உடல் வியர்க்க ஆடுகிறது, வயிறு அமைதியாக இருக்கிறது. வி.ஆர். விளையாட்டுகளில் அதைப்போலப் பரவலாக ரசிக்கப்பட்டது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். ‘ஆலிப்பழம்’ பாட்டின் கணக்கும் இதே கணக்குதான்: பார்ப்பவரை நிலைநிறுத்து, பிறகு எதை வேண்டுமானாலும் பறக்கவிடு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நம் ஊர்ப் பேரங்காடிகளிலும் பொருட்காட்சிகளிலும் வி.ஆர். என்று சொல்லி முதலில் காட்டுவது ரோலர் கோஸ்டர்! எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ரோலர் கோஸ்டரில் நேரில் ஏறினால் கண்ணும் காதும் சேர்ந்தே அலறுகின்றன. தாம்பரத்துக்கு அருகே அப்பச்சன் குடும்பத்தார் அமைத்த கிஷ்கிந்தா பூங்காவில் ஏறியவர்கள் அறிவார்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணுக்கு மட்டும் அதைக் காட்டுவது, பேய் ஊஞ்சலை அப்படியே திரும்பச் செய்வது. ஐந்து நிமிடத்தில் முகம் வெளிறி எழும் ஒருவர் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு செய்து, பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே வரமாட்டார். 1950களில் புரொஜக்டரின் குற்றத்துக்கு முப்பரிமாணம் பழி சுமந்தது போல.

டெக்னோபார்க் 1990இல் தொடங்கியபோது இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. டூன்ஸ் அனிமேஷன் 1999இலிருந்து அங்கே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தொடு உணர்வை மாய உலகத்துக்குள் கொண்டுவரும் ஆய்வை நெடுங்காலமாக நடத்திவருகிறார். ஆட்கள் இருக்கிறார்கள், பள்ளிகள் இருக்கின்றன. இந்த மண்ணில் செய்யப்படும் விளையாட்டுகள் நம் உடல்களில் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் ஹெட்செட் வில்லைகளில் ஆவி படியும். எண்ணெய் தேய்த்து, பின்னி, பூ வைத்த தலையில் அந்தப் பட்டை வழுக்கும். பவர் கண்ணாடி போட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர். ஒரே கருவியை வகுப்பு முழுக்கக் கைமாற்றுகிறோம். ரஜினி உறுதி சொன்ன கண்ணாடிக் கேள்வி அப்படியே நிற்கிறது. சோதனைக்குத் தினமும் விளையாடிப் பழகிய இருபத்தைந்து வயது இளைஞர்களையே உட்கார வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பழகப் பழக உடல் முரணைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. செய்கிறவரின் உடல் எல்லோரையும்விட அதிகம் பழகிவிட்டது. பொன்முடிப் பேருந்தில் முன்சீட்டு கேட்கிறவரை அழைத்து வந்து உட்கார வையுங்கள்.

2020இல் கே ஸ்டேனியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். பெண்களுக்கு வி.ஆரில் தலைசுற்றல் அதிகம் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். ஹார்மோன், இயல்பு என்று காரணமும் அடுக்கினார்கள். ஸ்டேனி குழுவினர் கண் இடைவெளியை அளந்தார்கள். பெண்களின் சராசரிக் கண் இடைவெளி ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. கருவியோ பல பெண்களின் கண்ணளவுக்கு இறங்காது. பொருந்தாத வில்லையே பெரிய காரணம் என்று வந்தது. 2019இல் வந்த ரிஃப்ட் எஸ் கருவியில் இரு வில்லைகளின் இடைவெளி 63.5 மில்லிமீட்டரில் நிலைத்திருந்தது. 2020இன் குவெஸ்ட் 2 கருவியில் 58, 63, 68 என்று மூன்றே படிகள். 2023இல் வந்த குவெஸ்ட் 3 கருவியில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. திருப்பினால் வில்லைகள் சிறிது சிறிதாக நகரும், எத்தனை மில்லிமீட்டர் என்று திரையில் எண் தெரியும். பள்ளியில், கண்காட்சியில், அருங்காட்சியகத்தில் ஹெட்செட்டை அடுத்தவர் தலையில் வைக்கிறவர்கள் அந்தச் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. முந்தைய ஆளின் கண்ணுக்கு வைத்த அளவிலேயே பத்து வயதுச் சிறுமிக்கும் மாட்டிவிடுகிறார்கள். துடைப்பதற்கு ஒரு துணியும், கண் இடைவெளியை அளக்க ஓர் அளவுகோலும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.